சமன்பாட்டுக்கு முன் சுற்றை வாசிப்போம்



பொறியியல் கல்லூரிக்குள் புதிதாக வரும் மாணவர் மின்சுற்றுப் பகுப்பாய்வை எப்படிக் கற்கிறார், எங்கே தடுமாறுகிறார், அவருக்கு நாம் எப்படிக் கைகொடுக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது ஒரு பாடத்தோடு முடிகிற விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மின்னியல், மின்னணுவியல், கருவியியல் மாணவர்களுக்குப் பின்னால் வரும் பாடங்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. மோட்டாரும் மின்மாற்றியும் ஆம்ப்ளிஃபையரும் ஒரு கட்டத்தில் மின்சுற்றாக வரையப்பட்டே பேசப்படுகின்றன. முதலாண்டில் இங்கே பிடி நழுவியவர் நான்கு ஆண்டும் மனப்பாடத்தை நம்பியே நடக்க வேண்டியதாகிவிடுகிறது. அப்படி நடக்கும் பிள்ளைகளைப் பார்த்த கவலையோடுதான் பேசுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்தவுடன் சமன்பாடு எழுத நாம் மாணவர்களைப் பழக்குகிறோம். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. எந்தப் புள்ளி எதனோடு சேர்ந்திருக்கிறது, எந்தக் கிளையில் மின்னோட்டம் கூடுதலாக ஓடும், ஓரிடத்து மின்னழுத்தம் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று பேனாவைத் திறக்கும் முன்பே சொல்லிப் பார்ப்பது அந்தப் படி. அதைச் சுற்றை வாசித்தல் என்று அழைக்கிறேன். அது சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்க்கும் திறமை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. சொல்லிக் கொடுத்தால் எல்லோருக்கும் வரும். சொல்லிக் கொடுக்க நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

கணக்கு சரியாக வந்தும்

1990-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் தம் மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்று வழக்கமான கணக்கு. மின்கலங்களும் மின்தடைகளும் கொண்ட ஒரு சுற்றில், குறிப்பிட்ட மின்தடை வழியே ஓடும் மின்னோட்டத்தையும் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டையும் கண்டுபிடிக்க வேண்டும். மற்றொன்றில் எண்ணே கிடையாது. ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடரிணைப்பில் உள்ளன. மூன்றாவது பல்புக்குக் குறுக்கே ஒரு ஸ்விட்ச். அதைப் போட்டால் எந்தப் பல்பின் ஒளி கூடும், எது அணையும், மின்கலத்திலிருந்து எடுக்கும் மின்னோட்டம் என்ன ஆகும்?

இரண்டாவதுதான் எளிது என்று ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்வோம். மஸூரின் மாணவர்கள் முதல் கேள்வியில் தேறினார்கள், இரண்டாவதில் தடுமாறினார்கள். கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, ஒரு ஸ்விட்ச் மூடியதும் சுற்றில் என்ன நடக்கிறது என்பது தெரியவில்லை.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிலியன் மெக்டெர்மட், பீட்டர் ஷாஃபர் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிய கேள்வியை வைத்தது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று மின்கலங்கள். முதல் மின்கலத்தில் ஒரே ஒரு பல்பு. இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடரிணைப்பில். மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். ஐந்தையும் ஒளியின்படி வரிசைப்படுத்த வேண்டும். ஒற்றைப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சமமாக எரியும்; தொடரிணைப்பில் உள்ள இரண்டும் தமக்குள் சமமாக, ஆனால் மங்கலாக எரியும் என்பது விடை. கால்குலஸ் படித்துவரும் பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். பாடம் நடத்துவதற்கு முன் கேட்டாலும், நடத்தி முடித்தபின் கேட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை.

நம் கல்லூரிகளிலும் இதே கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்டுப் பாருங்கள் என்று ஆசிரியர்களை வேண்டுகிறேன். மதிப்பெண் போட வேண்டாம். விடையோடு காரணத்தையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிகளில்தான் நமக்கான பாடத்திட்டம் இருக்கிறது.

பிழைக்குள் இருக்கும் நியாயம்

பிள்ளைகள் எழுதும் காரணங்களைப் படித்தால், தவறுகள் தாறுமாறாக வருவதில்லை என்பது புரியும். நான்கு எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்பது. இப்படி நினைப்பவர், பக்க இணைப்பில் மின்னோட்டம் இரண்டாகப் பிரிவதால் பல்புகள் மங்கும் என்கிறார். மின்கலம் நிலையாக வைத்திருப்பது மின்னழுத்தத்தை. மின்னோட்டம் எவ்வளவு என்பதை அதனோடு இணைந்திருக்கும் சுற்றுதான் முடிவு செய்கிறது. இந்த ஒன்று விளங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, மின்னோட்டம் போகும் வழியில் செலவாகிவிடும் என்பது. தொடரிணைப்பில் முதல் பல்பு பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் எரியும் என்று எழுதுபவர் இந்த எண்ணத்தில் இருக்கிறார். இதில் ஒரு நியாயம் உண்டு. ஏதோ ஒன்று செலவாகத்தான் செய்கிறது. அது ஆற்றல். மின்னூட்டம் செலவாவதில்லை. பள்ளியில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமலே கடந்து வந்துவிடுகிறோம்.

மூன்றாவது, சுற்றின் ஓரிடத்தில் செய்த மாற்றம் அதற்கு அடுத்து வருவதை மட்டும் பாதிக்கும் என்பது. கடைசி மின்தடையை மாற்றினால் முதல் மின்தடையின் மின்னோட்டமும் மாறும் என்பதை ஏற்க மாணவர் தயங்குகிறார். நான்காவது, சந்திக்கு வந்த மின்னோட்டம் எப்போதும் சரிபாதியாகப் பிரியும் என்பது. கிளைகளில் என்ன இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை.

இவை சோம்பலால் வருபவை அல்ல. அன்றாட அனுபவத்திலிருந்து பிள்ளைகள் தாமாகவே கட்டிக்கொண்ட விளக்கங்கள். கரும்பலகையில் சரியான விதியை எழுதிவிட்டால் இவை அகன்றுவிடும் என்று எண்ணுவது வீண். மாணவர் தம் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லி, அதன்படி என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்து, மின்கலத்தையும் பல்பையும் இணைத்துப் பார்த்து, கணிப்பு பொய்ப்பதைத் தம் கண்ணால் காண வேண்டும். டார்ச் பல்புகள் நான்கு, மின்கலங்கள் இரண்டு, கொஞ்சம் ஒயர் போதும். எந்தக் கல்லூரியும் தாங்கக்கூடிய செலவுதான்.

கடைப் பலகையில் ஒரு பல்பு

சுற்றை வாசிப்பவர்கள் நம் ஊர்த் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மின்விசிறி, மிக்ஸி பழுதுபார்க்கும் கடைகளிலும் மோட்டார் ரீவைண்டிங் கடைகளிலும் சீரியஸ் போர்டு ஒன்று இருக்கும். மரப்பலகையில் ஒரு 100 வாட் குண்டு பல்பு, ஒரு பிளக் பாயின்ட், வெளியே நீளும் இரண்டு ஒயர்கள். சோதிக்க வேண்டிய பொருள் பல்போடு தொடரிணைப்பில் வரும்படி அமைத்திருப்பார்கள்.

மெக்கானிக் அந்த இரண்டு முனைகளையும் வைத்துப் பார்க்கிறார். பல்பு எரியவே இல்லை என்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் என்று சந்தேகப்படுகிறார். மின்விசிறிச் சுருளுக்குப் பல்பு மங்கலாக எரிந்தால் சுருள் தொடர்ச்சியாக இருக்கிறது. ஒரு முனையைச் சுருளிலும் மறுமுனையை இரும்பு உடலிலும் வைக்கும்போது பல்பு எரிந்தால் இன்சுலேஷன் போயிருக்கிறது.

இப்போது 750 வாட் இஸ்திரிப் பெட்டியை வைக்கிறார் என்று கொள்வோம். பல்பு முழு வெளிச்சத்துக்குச் சற்றே குறைவாக எரிகிறது. ஷார்ட் என்று சொல்லிவிடலாமா? அவர் சொல்வதில்லை. இஸ்திரிப் பெட்டிக்கு இவ்வளவு வெளிச்சம் வரத்தான் செய்யும் என்று அவருக்குத் தெரியும். நாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட்டில் 100 வாட் எடுக்கும் பல்பின் மின்தடை 529 ஓம். 750 வாட் பெட்டியின் மின்தடை ஏறத்தாழ 70 ஓம். இரண்டும் தொடரில் இருக்கும்போது பல்பின் பங்குக்குச் சுமார் 203 வோல்ட் கிடைக்கிறது. இழையின் மின்தடை வெப்பத்தோடு மாறுவதால் எண் சற்று விலகும், படம் மாறாது.

அந்த மெக்கானிக்கிடம் மின்னழுத்தப் பங்கீட்டு வாய்ப்பாடு இல்லை. எதிர்பார்ப்பு இருக்கிறது. எதைச் சோதித்தால் எவ்வளவு வெளிச்சம் வர வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். வந்த வெளிச்சத்தை அதனோடு ஒப்பிடுகிறார். நம் மாணவரிடம் வாய்ப்பாடு இருக்கிறது, எதிர்பார்ப்பு இல்லை. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால் நல்ல பொறியாளர் கிடைத்துவிடுவார். 230 வோல்ட்டில் இதைச் செய்து பார்ப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. வகுப்பில் இதே பாடத்தை 6 வோல்ட்டில் பாதுகாப்பாக நடத்தலாம்.

வண்ணப் பென்சிலால் தொடங்குவோம்

வாசிப்பின் முதல் வேலை, நோடுகளை அடையாளம் காண்பது. இடையில் எந்த உறுப்பும் இல்லாமல் ஒயரால் மட்டும் சேர்ந்திருக்கும் எல்லாப் புள்ளிகளும் ஒரே நோடு. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. படத்தில் அந்த ஒயர் வளைந்து, திரும்பி, பக்கத்தின் மறுகோடிக்குப் போனால் மாணவர் அதை நான்கு நோடுகளாக எண்ணிவிடுகிறார். பாடநூல்கள் பக்க இணைப்பை எப்போதும் ஏணிப்படி போல் நேராக வரைந்து காட்டுவதால், கொஞ்சம் சாய்த்து வரைந்தாலே பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாமல் போகிறது.

இதற்கு வண்ணப் பென்சில் நல்ல மருந்து. ஒரு நோடு முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்ட வேண்டும். உறுப்பு ஒன்றைக் கடந்ததும் நிறம் மாற வேண்டும். இரண்டு உறுப்புகளின் இரு முனைகளும் அதே இரு நிறங்களில் இருந்தால் அவை பக்க இணைப்பு. ஒரு நிறத்தில் இரண்டே இரண்டு உறுப்புகள் மட்டும் சந்தித்தால் அவை தொடரிணைப்பு.

ஒரு சுற்றை வரைந்து பார்ப்போம். அ, ஆ, இ, ஈ என்று நான்கு புள்ளிகள் வரிசையாக உள்ளன. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே 6 ஓம், ஆ-வுக்கும் இ-க்கும் இடையே 6 ஓம், இ-க்கும் ஈ-க்கும் இடையே 6 ஓம். இத்தோடு அ-வையும் இ-யையும் மேலே ஓர் ஒயரால் சேர்க்கிறோம். ஆ-வையும் ஈ-யையும் கீழே இன்னோர் ஒயரால் சேர்க்கிறோம். அ-வுக்கும் ஈ-க்கும் இடையே மொத்த மின்தடை என்ன?

மூன்றும் ஒரே கோட்டில் இருப்பதால் 18 ஓம் என்று பலர் உடனே எழுதுவார்கள். பென்சிலை எடுங்கள். அ சிவப்பு. ஒயரால் சேர்ந்த இ-யும் சிவப்பு. ஆ நீலம். ஈ-யும் நீலம். இப்போது ஒவ்வொரு மின்தடையையும் பாருங்கள். முதலாவது சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே. இரண்டாவது நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே. மூன்றாவது சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே. மூன்றும் பக்க இணைப்பு. விடை 2 ஓம். இரண்டு நிறங்களை இரண்டு கோடுகளாக்கி, இடையில் மூன்று மின்தடைகளைப் போட்டு மறுபடி வரைந்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சுற்றைத் தமக்கு வசதியாகத் திரும்ப வரையும் உரிமை தமக்கு உண்டு என்பதை மாணவர் அன்றுதான் உணர்கிறார். அந்த உரிமையை நாம் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

எல்லை கட்டிவிட்டுக் கணக்கிடுவோம்

அடுத்தது மதிப்பீடு. 12 வோல்ட் மூலம் ஒன்று. அதிலிருந்து 4 கிலோ ஓம் வழியாக ஒரு நோடு. அந்த நோடிலிருந்து தரைக்கு 6 கிலோ ஓம், 12 கிலோ ஓம் இரண்டும் பக்க இணைப்பில். நோடின் மின்னழுத்தம் என்ன?

கால்குலேட்டரைத் தொடும் முன் ஒரு கேள்வி. 12 கிலோ ஓமைக் கழற்றிவிட்டால் என்ன வரும்? மீதி இருப்பது 4-உம் 6-உம். மின்னழுத்தம் 7.2 வோல்ட். 12 கிலோ ஓமைச் சேர்க்கும்போது தரைக்குப் போக இன்னொரு வழி திறக்கிறது. மின்னழுத்தம் இதைவிடக் குறையத்தான் வேண்டும். சரி, எவ்வளவு குறையும்? 12-க்குப் பதில் இன்னொரு 6 கிலோ ஓம் இருந்தால் இரண்டும் சேர்ந்து 3 ஆகும். அப்போது ஏறத்தாழ 5.1 வோல்ட். நம் 12 அவ்வளவு இழுக்காது. ஆகவே விடை 5.1-க்கும் 7.2-க்கும் இடையே.

இனிக் கணக்கிடலாம். 6-உம் 12-உம் சேர்ந்து 4 கிலோ ஓம். மேலே 4, கீழே 4. நோடின் மின்னழுத்தம் 6 வோல்ட். மூலம் தருவது 1.5 மில்லிஆம்பியர். அதில் 6 கிலோ ஓம் வழியே 1, 12 கிலோ ஓம் வழியே 0.5. எல்லைக்குள் வந்துவிட்டது. 6-ஐயும் 12-ஐயும் தவறாகத் தொடரிணைப்பு என்று கூட்டியவருக்கு 9.8 வோல்ட் வந்திருக்கும். எல்லை கட்டியிருந்தால் அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவரே நிறுத்திவிடுவார். ஆசிரியரின் சிவப்பு மைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கு முடிந்தபின் திறனைக் கூட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூலம் தருவது 18 மில்லிவாட். 4 கிலோ ஓமில் 9, 6 கிலோ ஓமில் 6, 12 கிலோ ஓமில் 3. கூட்டினால் 18. கொடுத்ததும் எடுத்ததும் நேராகிவிட்டது. பாடநூலின் பின்பக்கத்தில் இருப்பதுபோல் விடை அச்சிடப்படாத உலகத்தில் வேலை செய்யப் போகிறவருக்கு, தம் விடையைத் தாமே சோதிக்கும் பழக்கத்தைவிடப் பெரிய சொத்து இல்லை.

கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கற்பித்த டேவிட் மிடில்புரூக் இந்த வழியில் இன்னும் ஒரு படி போனார். 6-உம் 12-உம் பக்க இணைப்பில் என்று விடையில் அப்படியே விட்டுவைத்தால் சுற்றின் உருவம் விடையில் தெரியும். பெருக்கி விரித்து ஒரே பின்னமாக எழுதிவிட்டால் எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பது மறைந்துவிடும் என்பது அவருடைய போதனை. எதை மாற்றினால் எது மாறும் என்று விடையைப் பார்த்தே சொல்ல முடிந்தால்தான் அது வடிவமைப்புக்கு உதவும்.

கிர்க்காஃபும் கழித்தல் குறியும்

கிர்க்காஃப் தம் இரண்டு விதிகளை 1845-இல் வெளியிட்டபோது கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர், வயது 21. நம் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளை விட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவே. இரண்டே ஆண்டில், 1847-இல், எத்தனை சுற்றுச் சமன்பாடுகள் எழுதினால் போதும் என்பதையும் காட்டினார். கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து நோடுகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் அது கிடைத்துவிடும். தேவைக்கு மேல் சமன்பாடு எழுதிவிட்டுப் பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று வந்து திகைக்கும் மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சந்தி விதிக்குப் பின்னால் மின்னூட்டம் அழியாது என்ற உண்மை இருக்கிறது. சுற்று விதியை நான் இப்படி விளக்குவேன். கொல்லிமலையில் எந்தப் பாதையில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றால், ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமமாகத்தான் இருக்கும். மின்னழுத்தம் அந்த உயரம். மூலத்தில் ஏறுகிறோம், மின்தடையில் இறங்குகிறோம், திரும்பி வரும்போது கணக்கு நேராகிவிடுகிறது.

மாணவர்களை அதிகம் பயமுறுத்துவது குறி. மின்னோட்டத்துக்கு எந்தத் திசையில் அம்பு போடுவது என்று பேனாவோடு உறைந்து போய்விடுகிறார்கள். எந்தத் திசையில் வேண்டுமானாலும் போடலாம் என்று சொன்னால் நம்புவதில்லை. ஆகவே ஒரே கணக்கை வகுப்பின் ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த் திசையிலும் போடட்டும். 12 வோல்ட் மின்கலமும் 6 வோல்ட் மின்கலமும் எதிரெதிராக, 2 ஓம், 4 ஓம் மின்தடைகளோடு ஒரே சுற்றில் இருக்கின்றன. ஒரு பாதிக்கு 1 ஆம்பியர் வரும். மறுபாதிக்குக் கழித்தல் 1 ஆம்பியர். இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. 12 வோல்ட் மின்கலம் தரும் 12 வாட்டில் மின்தடைகளில் 6 வாட் வெப்பமாகிறது; மீதி 6 வாட்டை 6 வோல்ட் மின்கலம் வாங்கிக்கொள்கிறது. அதாவது அது சார்ஜ் ஆகிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மின்சாரம் வந்ததும் செய்வது இதைத்தான். இப்படிச் சொன்னபின் கழித்தல் குறி பிழையாகத் தெரியாது, செய்தியாகத் தெரியும்.

பம்புசெட்டும் தெவனினும்

தேற்றங்கள் பகுதிக்கு வரும்போது வகுப்பு களைத்துவிடுகிறது. தெவனின் தேற்றத்தை நாம் ஐந்து படிகள் கொண்ட செய்முறையாக நடத்திவிடுகிறோம். எதற்காக அது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

லியோன் தெவனின் பிரான்சின் தந்தித் துறையில் பணியாற்றிய பொறியாளர். துறைக்கு வந்த இளைஞர்களுக்குப் பாடமும் நடத்தினார். 1883-இல் இந்தத் தேற்றத்தை வெளியிட்டார். ஜெர்மனியில் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே இதைச் சொல்லியிருந்தார். தெவனினுக்கு அது தெரியாது. நீண்ட கம்பித் தடங்களையும் பல மின்கலங்களையும் கொண்ட வலையில் ஒரு முனையில் கருவியை இணைத்தால் என்ன ஆகும் என்பது தந்திக்காரருக்கு அன்றாடக் கேள்வி. வலை முழுவதையும் ஒரே மூலம், ஒரே மின்தடை என்று பார்க்க முடிந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை கிடைக்கும்.

நம் கிராமத்துப் பிள்ளைக்கு இது தெரிந்த விஷயம். கிணற்றடியில் பம்புசெட்டைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கி மீள்வதை அவர் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறார். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கிறது. கம்பியிலும் மின்மாற்றியிலும் மின்னழுத்தம் இறங்குகிறது. எளிமைக்காக மின்தடை மட்டும் இருப்பதாகக் கொள்வோம். எதுவும் இணைக்காதபோது வீட்டில் 230 வோல்ட். 10 ஆம்பியர் எடுக்கும்போது 220 வோல்ட். ஊருக்கு வெளியே எத்தனை கம்பம், எவ்வளவு கம்பி, என்ன மின்மாற்றி என்று தெரிய வேண்டாம். இந்த வீட்டைப் பொறுத்தவரை வெளியே இருப்பது 230 வோல்ட் மூலமும் 1 ஓம் மின்தடையும். 30 ஆம்பியர் இழுத்தால் 200 வோல்ட்டாகும் என்று இனி யாரும் சொல்லலாம். இதைச் சொன்னபின் செய்முறைப் படிகளுக்குப் போனால், ஒவ்வொரு படியும் எதைத் தேடுகிறது என்பது மாணவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆய்வகத்தில் வியப்புக்கு இடம் வேண்டும்

ஆய்வக வகுப்புகளில் கோட்பாட்டு விடையையும் அளந்த விடையையும் அட்டவணையில் எழுதி, இரண்டும் ஒன்று என்று முடித்துவிடுகிறோம். இரண்டும் ஒத்துப் போகாத இடங்களை நாமே தேடி வைக்க வேண்டும்.

10 வோல்ட்டுக்குக் குறுக்கே இரண்டு 1 மெகா ஓம் மின்தடைகளைத் தொடரில் இணைத்து, ஒன்றின் குறுக்கே அளக்கச் சொல்லுங்கள். 5 வோல்ட் என்று கணித்திருப்பார்கள். 10 மெகா ஓம் உள்மின்தடை கொண்ட டிஜிட்டல் மல்டிமீட்டர் 4.76 வோல்ட் என்று காட்டும். மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்பார்கள். வேறு மீட்டர் கொடுங்கள். அதுவும் அதையேதான் காட்டும். மீட்டரும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிட்டது என்று அவர்களில் ஒருவரே கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருங்கள்.

மாறுமின்னோட்டத்துக்கு வரும்போது இன்னொன்று. மின்தடையையும் மின்தேக்கியையும் தொடரில் வைத்து, மின்தடையில் 30 வோல்ட், மின்தேக்கியில் 40 வோல்ட் வரும்படி அமையுங்கள். மூலத்தில் அளந்தால் 70 இல்லை, 50. கிர்க்காஃப் விதி பொய்த்துவிட்டதா? ஒவ்வொரு கணத்திலும் விதி சரியாகவே இருக்கிறது. இரண்டு மின்னழுத்தங்களும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. இந்தத் திகைப்பு வந்த பிறகு, 1893-இல் மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் கலப்பெண்களைக் கொண்டு மாறுமின்னோட்டக் கணக்கை எப்படி எளிதாக்கினார் என்று சொன்னால் அது அவர்களுக்கு வேண்டிய கருவியாக வந்து சேரும். திகைப்பு வருமுன் சொன்னால் இன்னொரு அத்தியாயமாகப் போய்விடும்.

மின்சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க 1973-இல் பெர்க்லியில் உருவான ஸ்பைஸ் மென்பொருளின் வழித்தோன்றல்கள் இன்று மாணவரின் மடிக்கணினியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தடுக்க வேண்டாம். கணிப்பை எழுதிவைத்த பிறகே ஓட்ட வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தால் போதும். கணிக்காமல் ஓட்டியவருக்கு ஓர் எண் கிடைக்கிறது. கணித்துவிட்டு ஓட்டியவருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது.

வகுப்பும் தேர்வும்

அறுபது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். மஸூர் செய்த வழி இருக்கிறது. கேள்வியைப் போடுங்கள். ஒவ்வொருவரும் தனியாக விடை எழுதிக் கை உயர்த்தட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு காரணம் சொல்லி வாதிடட்டும். மறுபடி கை உயர்த்தச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த வாதம் தமிழில் நடக்கட்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு இடங்கள் 2021 முதல் ஒதுக்கப்படுகின்றன. தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்குப் பக்க இணைப்பும் மின்னழுத்த வேறுபாடும் நன்றாகத் தெரியும். கல்லூரியின் ஆங்கிலம் அவர் வாயை அடைத்துவிடக் கூடாது. தேர்வுத்தாளில் ஆங்கிலத்தில் எழுதத்தான் போகிறார். அதற்கு முன் தம் மொழியில் யோசித்து, சொல்லி, தவறி, திருத்திக்கொள்ள இடம் வேண்டும்.

கணக்குகளைக் கற்பிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். தொடக்கநிலை மாணவருக்கு, முழுதாகத் தீர்த்துக் காட்டிய கணக்கைக் கவனமாகப் படிப்பது, தாமே முட்டி மோதுவதைவிடப் பயன் தரும் என்று ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதப் பாடத்தில் காட்டினார்கள். முதலில் முழுத் தீர்வு, அடுத்து கடைசிப் படி மட்டும் விடுபட்ட தீர்வு, பிறகு பாதித் தீர்வு, அதன்பின் வெறும் கேள்வி என்று கையை மெல்ல விடலாம். ஒவ்வொரு படியின் அருகிலும் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும்.

தேர்வு மாறாமல் எதுவும் நிலைக்காது. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் ஓம் விதியைக் கூறு, கிர்க்காஃப் விதியைக் கூறு என்று கேட்கிறோம். அதே இரண்டு மதிப்பெண்ணுக்கு, இந்த ஸ்விட்சை மூடினால் எந்தப் பல்பு பிரகாசமாகும், ஏன் என்று கேட்கலாம். 13 மதிப்பெண் கணக்கில் இரண்டை முன்மதிப்பீட்டுக்கும் ஒன்றைச் சரிபார்ப்புக்கும் ஒதுக்கலாம். மாணவர்கள் எதற்கு மதிப்பெண் உண்டோ அதைப் படிக்கிறார்கள். அது அவர்களுடைய குற்றம் இல்லை. நாம் எதை மதிக்கிறோம் என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

வேண்டுகோள்

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் பருவத்தில் முதல் மூன்று வாரம் பாடத்திட்டத்தின் ஓட்டத்தைச் சற்று நிறுத்தி, சமன்பாடு இல்லாத சுற்றுகளை நடத்துங்கள். பின்னால் வரும் மெஷ், நோடல் கணக்குகளும் தேற்றங்களும் வேகமாக நகரும். இழந்த நேரம் திரும்பி வந்துவிடும். கல்லூரி நிர்வாகத்தினரும் அந்த மூன்று வாரத்துக்கு ஆசிரியரை நம்ப வேண்டும்.

மாணவர்களே, உங்களிடமும் ஒன்று. ஒவ்வொரு சுற்றின் அருகிலும் கணக்குப் போடுமுன் ஒரு வரி எழுதுங்கள்: எனக்கு என்ன விடை வரும் என்று தோன்றுகிறது, ஏன். தவறாக இருந்தாலும் எழுதுங்கள். கணக்கை முடித்தபின் அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். பொருந்தாதபோது எது தவறு என்று தேடும் அந்தச் சில நிமிடங்களில்தான் நீங்கள் பொறியாளராக ஆகிறீர்கள். பருவம் முடியும்போது, படத்தைப் பார்த்ததும் அது உங்களிடம் பேசத் தொடங்கியிருக்கும்.